வம்ப மாரி

எங்கள் ஊரில் எங்காவது அதிர்ந்தால் யாரும் முதலில் வானத்தைப் பார்ப்பதில்லை. தெருவுக்கு வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு நான்கு திசையிலும் அடிவானத்தில் புகை எழுகிறதா என்று தேடுவார்கள். புகை இல்லை என்று உறுதியான பிறகுதான் அண்ணாந்து பார்ப்பது. விஸ்வநத்தத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, இது ஊர் உலகத்து வழக்கம் என்ற எண்ணமே வெகுநாள் இருந்தது. முதுகலை படிக்க மதுரைக்குச் சென்ற ஆண்டு, விடுதியில் ஒரு மாலை பெரிய இடி ஒன்று விழுந்தபோது எழுந்து வாசலுக்கு ஓடியவன் நான் ஒருவன்தான். தஞ்சாவூர்ப் பக்கத்து அறை நண்பன் கட்டிலில் படுத்தபடியே, "மழைதானடா, எங்க ஓடுற?" என்றான். அவனுக்கு அது மழையின் முன்னறிவிப்பு. எனக்கு என்னவாக இருந்தது என்று அவனுக்கு விளக்க வரவில்லை.

தமிழ் வாத்தியார் எதற்கு ரேடார் படம் பார்க்கிறார் என்று கல்லூரியில் அறிவியல் துறை நண்பர்கள் கேலி செய்வதுண்டு. மாரி, பெயல், தளி, உறை என்று மழைக்குப் பழைய இலக்கியத்தில் உள்ள சொற்களை அடுக்கி, அந்த மரபின் கடைசிக் கண்ணி நான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மையான பதில் அதுவன்று.

சிவகாசி வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடப்பது. கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவக்காற்று, மலையேறி இறங்கி எங்களிடம் வரும்போது வெறும் காற்றாக வந்து சேரும். ஆண்டு மழை 800 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். விளையாத மண். 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியபோது இந்த வறட்சியே மூலதனமாயிற்று. காய வேண்டிய சரக்கு எல்லாம் இங்கே தானாகவே காய்ந்தது. தீப்பெட்டிக்குப் பின் பட்டாசு வந்தது. பேய்ந்தும் காய்ந்தும் கெடுக்கும் மழை என்று மற்ற ஊர்களில் சொல்வார்கள். பேய்ந்து மட்டுமே கெடுக்கும் மழை எங்களுடையது.

அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர். (தொழிற்சாலையை ஆபீஸ் என்பதுதான் இங்கே பேச்சு வழக்கு. பட்டாசு ஆலை 'பயராபீசு'.) அடுக்கிய சட்டத்தின் எண்ணிக்கைக்குத்தான் கூலி. பயராபீசிலும் பெரும்பாலான வேலைக்கு அப்படித்தான். திரி, மணி மருந்து, மருந்து செலுத்திய குழாய் எல்லாம் வெயிலில் காய வேண்டும். மழை வந்தால் காயப்போட்டதை அள்ள வேண்டும், அள்ளியபின் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை. ஈரம் பட்ட மருந்தால் கூலியோடு போகாது. அலுமினியப் பொடியும் நைட்ரேட் உப்பும் கலந்த கலவையில் நீர் சேர்ந்தால் அது யாரும் தொடாமலே சூடேறக்கூடும். சிறுவயதில் மழை எனக்குப் பிடிக்கும், அம்மா நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார் என்பதால். அந்த வாரச் சனிக்கிழமையில் கூலி குறைவதற்கும் அந்த மகிழ்ச்சிக்கும் உள்ள தொடர்பு பிடிபட எனக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதாயிற்று.

தீபாவளிக்கான உற்பத்தி உச்சத்தில் இருக்கும் ஆவணி, புரட்டாசி மாதங்களில்தான் மாலை இடிமழையும் அதிகம். காலையில் பளீரென்று வெயில். உச்சிப்பொழுதில் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளின் மேல் பஞ்சுப்பொதிகள் நிற்கும். மூன்று மணிக்கு அவை கோபுரமாகும். மேலடுக்குக் காற்று கிழக்கிலிருந்து வீசினால் மேகம் மலையோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே பெய்து தீர்ந்துவிடும். மேற்கிலிருந்து வீசினால் எங்கள் பக்கம் நகரும். இதைத் தெரிந்துகொள்ள முதலில் எனக்கு ரேடாரெல்லாம் தேவைப்படவில்லை. மொட்டைமாடி போதும்.

பிறகு ஆர்வம் வளர்ந்தது. தொலைக்காட்சியில் எஸ்.ஆர்.ரமணன் தோன்றி 'வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி' என்று நிதானமாக உச்சரித்த காலத்தில், விடுமுறைக்காக மாணவர்கள் அவர் வாயைப் பார்த்தார்கள் என்றால் நான் அவருடைய தமிழுக்காகப் பார்த்தேன். அவர் 2016-இல் ஓய்வு பெற்றார். அதற்குள் 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் போன்ற ஆர்வலர்கள் வந்துவிட்டிருந்தார்கள். ஐரோப்பிய மாதிரி என்ன சொல்கிறது, அமெரிக்க மாதிரி என்ன சொல்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அதிகாலையில் விடப்படும் பலூன்கள் கொண்டுவரும் அளவுகளைப் படிக்கக் கற்றேன். காற்று மேலெழுவதற்கு எவ்வளவு ஆற்றல் சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும் 'கேப்' என்ற எண் 2,500-ஐத் தாண்டினால், மதிய உணவுக்குப் பின் வகுப்பில் எனக்குக் கவனம் ஓடாது.

வானிலை அறிக்கையின் தமிழைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். 'ஓரிரு இடங்களில்', 'ஒரு சில இடங்களில்', 'அநேக இடங்களில்', 'பெரும்பாலான இடங்களில்' என்று அதில் வருபவை ஏதோ வாய்க்கு வந்த சொற்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழைமானிகளில் கால்பங்கு வரை மழை பதிவானால் ஓரிரு இடம். அதற்குமேல் பாதிவரை ஒரு சில இடம். முக்கால்வரை அநேகம். அதையும் தாண்டினால் பெரும்பாலான இடம். எண்ணுப்பெயரும் அளவுப்பெயரும் நடத்தும்போது இதை மாணவர்களுக்குச் சொல்வேன். 'ஒன்றிரண்டு' என்பதற்கும் 'ஓரிரு' என்பதற்கும் என்ன வேறுபாடு என்று ஒரு மாணவி கேட்டாள். ஓரிருவில் நம் வீடும் இருக்கலாம் என்ற அச்சம் கூடுதல் என்றேன். வகுப்பு சிரித்தது. சிரிப்பதற்காகச் சொன்னதன்று.

'தோன்றினால்' என்றொரு சொல்லும் உண்டு. 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள், இடிமழை நெருங்குவதாகத் தோன்றினால் ஆலையில் உள்ளவர்களைப் பாதுகாப்பான தொலைவுக்கு வெளியேற்ற வேண்டும், அபாயம் நீங்கும்வரை உள்ளே விடக் கூடாது என்கின்றன. நல்ல விதி. ஆனால் யாருக்குத் தோன்ற வேண்டும்? போர்மேனுக்கா, கூலி எண்ணிக்கையைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்கா, தீபாவளி லோடு ஏற்ற வேண்டியவருக்கா? மேகம் ஒன்றுதான். தோன்றுவது ஆளுக்கு ஆள் வேறு.

எதிர்வீட்டு மதினி பயராபீசில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்பவர். காலையில் கம்பெனி வேனுக்குக் காத்திருக்கும்போது, "தம்பி, இன்னிக்கு எறங்குமா?" என்று கேட்பார். நான் கைப்பேசியைப் பார்த்து, "மூணு மணிக்கு மேல வாய்ப்பு இருக்கு மதினி" என்பேன். அப்படிச் சொன்ன நாட்களில் அவர் மதியச் சோற்றைக்கூட அவசரமாகத் தின்றுவிட்டு, மழைக்கு முன்பாகவே எண்ணிக்கையை எட்டிவிடப் பார்ப்பாராம். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வெடிமருந்தோடு அவசரப்படுவது என்றால் என்ன என்று நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் முன்னறிவிப்பு அவர் கையை வேகப்படுத்திற்று என்று தெரிந்தபின் சில வாரங்கள் காலையில் அந்தப் பக்கம் போவதையே தவிர்த்தேன். அதுவும் சரியில்லை என்று பட்டது. இப்போது "சொல்ல முடியாது மதினி" என்பதை அதிகம் சொல்கிறேன். அறிவியல்படி அதுதான் நேர்மையும்கூட. காரைக்கால் ரேடார் எங்களுக்குச் சுமார் 270 கிலோமீட்டர் தொலைவு. பூமியின் வளைவால் அதன் அலை எங்கள் தலைக்குமேல் ஆறேழு கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. மேகத்தின் கொண்டையைத்தான் அது பார்க்கும், காலைப் பார்க்காது. தும்பா ரேடார் அதில் பாதித் தொலைவுதான், ஆனால் நடுவே மலை நிற்கிறது.

சத்தத்திற்கு வருகிறேன்.

மின்னல் ஓடும் பாதையில் காற்று சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறி, நொடிக்குள் விரிகிறது. அந்த விரிவின் அதிர்ச்சியே இடி. பாதை பல கிலோமீட்டர் நீளமானது என்பதால் அருகு முனையின் ஒலி முன்னும் தொலை முனையின் ஒலி பின்னுமாக வந்து சேரும். அதனால்தான் இடி உருள்கிறது. பழைய நூல்களில் இடிக்கு 'உரும்' என்று பெயர். உருமுவது என்ற இன்றைய வினையையும் உடன் வைத்துப் பார்த்தால் அந்த உருளல் காதில் கேட்கிறது. வெடிப்பு அப்படியன்று. ஓரிடத்தில் நிகழ்வது. 'தொம்' என்று ஒன்று, அதோடு தரையில் ஓர் அதிர்வு, அடுப்படியில் பாத்திரம் சிணுங்கும். இப்படி எழுதும்போது பிரித்தறிவது எளிது போலத் தோன்றும். ஆனால் பட்டாசு ஆலை என்பது இடைவெளி விட்டுக் கட்டிய சிறு அறைகளின் வரிசை. ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குப் பற்றினால் அந்தச் சத்தமும் உருளும். பக்கத்தில் விழும் இடியோ உருளாமல் ஒற்றையாகப் பிளக்கும்.

2012 செப்டம்பர் 5 அன்று நண்பகலில் நாங்கள் கல்லூரியில் ஆசிரியர் தின விழாவில் இருந்தோம். முதலிப்பட்டியில் நடந்தது தமிழகம் முழுவதும் அறிந்தது; ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்லர். முதல் சத்தத்தைக் கேட்டு, உதவவும் பார்க்கவும் அக்கம்பக்கத்திலிருந்து ஓடிவந்தவர்கள். சத்தம் கேட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்கள் ஊர் அதுவரை வைத்திருந்த விடை அன்று மதியத்தோடு முடிந்தது. ஓடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். ஓடாமல் எப்படி இருப்பது என்று எங்களுக்கே தெரியவில்லை.

அதனால்தான் கைப்பேசியில் மின்னல் வரைபடம் பார்க்க முடிகிறது என்று அறிந்தபோது எனக்குப் பெரும் ஆறுதல் பிறந்தது. புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கும் 40 கிலோமீட்டருக்கும் வட்டம் போட்டு, சற்றுமுன் விழுந்த மின்னல்களைப் புள்ளிகளாகக் காட்டும். மின்னலுக்கு முன்பாக எச்சரிப்பதற்காகச் செய்யப்பட்டது அது. நான் அதைத் தலைகீழாகப் பயன்படுத்தினேன். சத்தம் கேட்டதும் திறந்து பார்ப்பேன். புள்ளி இருந்தால் இடி. அந்தப் பகுதியில் வேறு யாரும் இந்தச் செயலியை இதற்காக வைத்திருப்பார்களா என்று தெரியாது. நாளடைவில் தெருவுக்கே அது தெரிந்துவிட்டது. சத்தம் கேட்டால் இப்போது முகங்கள் ஒன்றையொன்று பார்க்கவில்லை. என் வாசலைப் பார்த்தன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதப் பிற்பகல். கோடை விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தேன். மதினி காய்ச்சல் கண்டு வேலைக்குப் போகவில்லை. மேற்கே மலைமேல் மேகம் கறுத்திருந்தது. காலையிலேயே அன்றைக்கு இடிமழை உண்டென்று எல்லா மாதிரிகளும் ஒத்துச் சொல்லியிருந்தன. மூன்றரை மணிக்குச் சத்தம் வந்தது. நீளமாக, உருண்டு. மதினி கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, என்ன அது?"

செயலியைத் திறந்தேன். மலைமேல் ஏழெட்டுப் புள்ளிகள் இருந்தன.

"இடிதான் மதினி. மலையில விழுந்திருக்கு."

"நெசமாவா?"

"இந்தா பாருங்க" என்று திரையைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, மாரியாத்தா என்று நெஞ்சைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அந்தப் புள்ளிகள் எங்களிடமிருந்து இருபத்தெட்டு, முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தன. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று நொடி ஆகும். பதினைந்து, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் விழும் இடி பொதுவாகக் காதுக்கு எட்டுவதே இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாததன்று. தெருப் பிள்ளைகளை உட்காரவைத்து நானே சொல்லிக்கொடுத்தவை. அன்று கேட்ட சத்தத்தில் என் வீட்டு ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அதுவும் நினைவில் பதிந்தது. ஆனாலும் திரையில் புள்ளியைக் கண்டதும் கணக்குப் போடவில்லை. இடியாக இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது, இடியாக இருப்பதற்குச் சான்று கிடைத்தது, அதை எடுத்துக்கொண்டேன்.

இருபது நிமிடம் கழித்துத் தீயணைப்பு வண்டியின் ஒலி பெரிய சாலையில் தெற்கு நோக்கிப் போயிற்று. பிறகு மதினி வீட்டில் தொலைபேசி ஒலித்தது. அவர் தம்பி மகன், கல்லூரி விடுமுறைக்குச் சம்பாதிக்கலாம் என்று வேலைக்குப் போனவன், அந்த ஆலையில் இருந்தான். இரண்டு கைகளிலும் கழுத்திலும் தீப்புண். மூன்று மாதம் மருத்துவமனையில் கிடந்து பிழைத்து வந்தான். இப்போது அச்சகம் ஒன்றில் வேலை செய்கிறான். விரல்கள் முழுவதும் மடங்காது என்றாலும் தாள் எண்ணும் வேகத்தில் குறைவில்லை என்பார்கள்.

நான் வெடி என்று சொல்லியிருந்தாலும் அவனுக்கு ஒன்றும் மாறியிருக்காது. இதைப் பலரும் எனக்குச் சொன்னார்கள். நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அந்த ஆண்டு ஆடி மாதத்தில் வகுப்பில் முல்லைத்திணை நடத்த வேண்டி வந்தது. கார்காலத்தில் திரும்பி வருவேன் என்று சொல்லிப் பிரிந்தவன் வரவில்லை. கார் வந்துவிட்டது, கொன்றை பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழி சொல்கிறாள்: இது காரே அன்று, பருவம் தப்பிப் பெய்யும் வம்ப மாரி, அதைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றை மரங்கள் அறிவற்றவை. 'பருவம் அன்று என்று வற்புறுத்தல்' என்று உரைகாரர்கள் துறை சொல்வார்கள். பதினைந்து ஆண்டுகளாக நடத்திய பாடல். தோழியின் சொல்திறத்தை வியந்து நடத்துவேன். அன்று நடத்தும்போது, தோழிக்கு அது கார்காலம் என்று தெரியும் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அவள் வானத்தைத் தவறாகப் படித்தவள் அல்லள். சரியாகப் படித்துவிட்டு மாற்றிச் சொன்னவள். மாணவர்கள் குறிப்பெடுக்கக் காத்திருந்தார்கள். தலைவி அதை நம்பினாளா என்று பாடலில் இல்லை என்று மட்டும் சொல்லி அடுத்த பாடலுக்குப் போனேன்.

தோழியோடு என்னை ஒப்பிடுவது சற்று அதிகம்தான். அவள் தெரிந்தே சொன்னாள். நான் தெரிந்துகொள்ள மறுத்துச் சொன்னேன். எது மேல் என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை.

மதினி அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒருமுறைதான் பேசினார். பையன் வீடு திரும்பிய வாரம், வாழைப்பழச் சீப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர் திண்ணையில் உட்கார்ந்தார். பொதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, "அந்த இருவது நிமிசம் நிம்மதியா சோறு வடிச்சேன் தம்பி" என்றார். குறையாகச் சொன்னாரா, அப்படியொரு இருபது நிமிடம் கிடைத்ததே என்று சொன்னாரா என்பது அவர் குரலிலிருந்து எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் துணியவில்லை. சீப்பை வாங்கி உள்ளே வைத்தேன்.

மழை வருமா என்று காலையில் இன்றும் கேட்கிறார். சத்தத்தைப் பற்றிக் கேட்பதில்லை. தெருவும் பழையபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்கிவிட்டது. செயலியை நான் அழித்துவிடவில்லை. மாலையில் மேகம் திரண்டால் திறந்து வைத்துக்கொள்கிறேன், அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்காக. மின்னல் நாற்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள் வந்தால் எனக்குத் தெரிந்த இரண்டு போர்மேன்களை அழைத்துச் சொல்கிறேன். ஒருவர், "சரிங்க சார், வெளிய விட்டுர்றேன்" என்பார். மற்றவர், "இங்க வெயில் அடிக்குது சார்" என்பார். அவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அவருக்கு இன்னும் தோன்றவில்லை.

சென்ற ஐப்பசியில் தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு, மின்சாரம் போன ஒரு மாலை. மேற்கே மின்னிக்கொண்டிருந்தது. மதினி தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து, பேரனை மடியில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த எண்ணிக்கைதான். மின்னியதும் தொடங்கி, இடி கேட்கும்வரை எண்ணி, மூன்றால் வகுப்பது. இருபத்தொன்றில் இடி வந்தது. பேரன் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு, "ஏழு" என்று கத்தினான். அவர் என் பக்கம் திரும்பி, "ஏழு கிலோமீட்டரா தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். அவர் எழுந்து கொடியில் கிடந்த துணிகளை எடுக்கத் தொடங்கினார். அடுத்த மின்னல் வெட்டியது. பேரன் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினான்.